23 என்ற எண் மட்டும் உள்ள பட்டாளத்துப் பொத்தான்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

தாத்தாவின் பழைய தகர டப்பாவில் ஏழெட்டுப் பொத்தான்கள் கிடைத்தன. ஒன்றில் 23 என்ற எண் தெளிவாக இருக்கிறது. இணையத்தில் தேடினால் பிரிட்டிஷ் காலாட்படையின் 23ஆவது ரெஜிமெண்ட், அதாவது ராயல் வெல்ஷ் ஃபுசிலியர்ஸ் என்று வருகிறது. ஆக, இது அவர்களுடையதுதான். தாத்தா எந்தப் பட்டாளத்திலும் இருந்தவர் இல்லை, டப்பா எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 83 என்று இன்னொன்றும் இருக்கிறது, அது வேறு ஏதோ. சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் உள்ளவை மூன்று. எல்லாம் கறுத்துக் கிடப்பதால் ஒவ்வொன்றாகத் துலக்கிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் படம் போடுகிறேன்.

பிப்ரவரி 4, மாலை

துலக்குவதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என் முதல் பொத்தானை நான் பளபளவென்று ஆக்கினேன். பித்தளை பாலிஷ், பழைய பனியன் துணி, அரை மணி நேரம். அது பொன்முலாம் பூசிய அதிகாரிப் பொத்தான் என்று முலாம் துணியில் வந்த பிறகுதான் தெரிந்தது. விளிம்பைச் சுற்றி எழுத்துகள் இருந்தன. கடைசி நான்கு எழுத்துகளை இன்றுவரை என்னால் படிக்க முடியவில்லை.

காய்ச்சி வடித்த நீர், மென்மையான தூரிகை, நிழலில் காயவைத்தல், அவ்வளவுதான். புளிப்பு உள்ள எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். பழுப்போ கறுப்போ படிந்திருந்தால் அது பொத்தானுக்குக் காவல், இருக்கட்டும். வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால் மட்டும் அதைத் தனியாக, ஈரம் படாமல் வையுங்கள். அது சாதாரணக் களிம்பில்லை, உப்பு உள்ளே புகுந்து அரிப்பதன் அறிகுறி.

பிப்ரவரி 5

இப்போது 23க்கு வருவோம். வெல்ஷ் என்பது தவறு என்று நான் சொல்லவில்லை. 23 என்ற எண் உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது, அதைத்தான் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் பொத்தானில் எண் போடத் தொடங்கியது 1767 ஆணைக்குப் பிறகு. சிப்பாய்களின் எண் பொத்தான் 1871இல் போனது. 1881 சீர்திருத்தத்தில் ரெஜிமெண்டுகளின் எண்ணே போய் ஊர்ப்பெயர்கள் வந்தன. ஆக, பிரிட்டிஷ் 23 என்றால் 1767க்கும் 1881க்கும் நடுவே ஓர் இடம் கேட்கிறது.

ஆனால் இந்தியாவில் 1895 வரை வங்கம், மெட்ராஸ், பம்பாய் என மூன்று மாகாணப் படைகள் தனித்தனியாக இருந்தன. மூன்றும் தத்தம் பட்டாளங்களுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டன. வங்கத்தில் ஒரு 23, அது பின்னாளில் 23ஆவது சீக்கிய பயனியர்ஸ். மெட்ராஸில் ஒரு 23, வாலாஜாபாத் லைட் இன்ஃபண்ட்ரி, அதாவது வேகமாக நகரும் இலகு காலாட்படை. பம்பாயிலும் ஒரு 23. வெல்ஷோடு சேர்த்தால் நான்கு பேர் ஒரே எண்ணுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இணையம் முதலில் நின்றவரைக் காட்டிவிட்டது.

இந்தக் குழப்பம் தீர்ந்தது 1903இல், இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்தபோது. வங்கத்தார் பெரும்பாலும் தங்கள் எண்ணை வைத்துக்கொண்டார்கள். மெட்ராஸ் எண்களோடு 60ஐயும் பம்பாய் எண்களோடு 100ஐயும் கூட்டினார்கள். 3ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி அப்படித்தான் 63 ஆனது. இந்தக் கூட்டலை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதி வேலை முடியும்.

பிப்ரவரி 7

படம் வந்தது. முன்பக்கம் மட்டும். எல்லோரும் முன்பக்கத்தையே போடுகிறீர்கள்! கல்யாண போட்டோ இல்லை இது, திருப்பிக் காட்டுங்கள்.

பின்பக்கத்தில் முதலில் காதைப் பாருங்கள். காது என்பது நூல் கோக்கும் வளையம். அது பொத்தானோடு ஒன்றாக வார்த்ததா, கம்பியாக வளைத்துப் பற்றவைத்ததா? அடுத்து விளிம்பு: ஒரே தகடா, அல்லது முன் ஓட்டைப் பின் தகட்டின்மேல் மடக்கி இரண்டு துண்டாகச் செய்ததா? அப்படி மடக்கிச் செய்யும் முறைக்குப் பர்மிங்ஹாமில் சாண்டர்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கியது 1813இல். இரண்டு துண்டுப் பொத்தானைக் காட்டி ‘திப்பு சுல்தான் போரில் கிடைத்தது’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எழுத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘ட்ரெபிள் கில்ட்’, ‘ஸ்டாண்டர்ட் கலர்’, ‘எக்ஸ்ட்ரா ரிச்’ என்று இருந்தால் அவை செய்தவர் பெயரல்ல, முலாம் எவ்வளவு உசத்தி என்ற விளம்பரம். 1796இல் இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே போட்டார்கள். ஓர் அங்குலப் பொத்தான் 144க்கு 5 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்) தங்கமாவது பூசியிருந்தால்தான் ‘கில்ட்’ என்று சொல்லலாம். கணக்குப் போட்டால் ஒரு பொத்தானுக்கு 2 மில்லிகிராம் சொச்சம். என் பனியன் துணிக்குப் போனது எவ்வளவு என்று இப்போது புரிகிறதா?

செய்தவர் பெயர் இருந்தால் யோகம். ஃபிர்மின், ஜென்னென்ஸ், ஹாமண்ட் டர்னர், கான்ட் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். தெரு முகவரியும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது, கம்பெனி அந்தத் தெருவில் இருந்த ஆண்டுகளைத் தேடிப் பிடிக்கலாம். பெயருக்குப் பின்னால் ‘லிமிடெட்’ என்று ஒரு துணுக்கு இருந்தாலே 1855க்கு முந்தையது அல்ல என்று எழுதி வைக்கலாம். அந்தச் சட்டமே அந்த ஆண்டில்தான் வந்தது.

ஆனால் செய்தவர் பெயர் ரெஜிமெண்டைச் சொல்லாது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 8

பட்ட கதையை ஒருவர் கேட்டார்.

மான் தலை, பின்னால் பட்டாளங்களுக்குப் பொத்தான் செய்த ஒரு பெரிய கம்பெனியின் பெயர், வெள்ளிப் பூச்சு. மூன்று வருடம் அதை ஸ்காட்லாந்து ரெஜிமெண்ட் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். மான் தலை சின்னமுள்ள ரெஜிமெண்டுகள் உண்டுதானே. கொம்பின் கிளைகளைக்கூட எண்ணினேன். ஒன்று குறைந்தது. ‘அச்சு செய்தவன் கைப்பிசகு’ என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மான் தலைக்கு அடியில் முறுக்கிய கயிறு மாதிரி ஒரு சிறு பட்டை இருந்தது. அதை அலங்காரம் என்று விட்டுவிட்டேன். அது அலங்காரமே இல்லை. பிரபுக் குடும்பங்களின் சின்னம் அந்த முறுக்குப் பட்டையின் மேல்தான் உட்காரும். என் ‘ஸ்காட்லாந்து வீரன்’ ஏதோ மாளிகையில் கதவு திறந்துவிட்ட பணியாளர். அதே கம்பெனிகள்தான் சிப்பாய்க்கும் செய்தன, வீட்டு வேலைக்காரருக்கும் செய்தன, ரயில்வேக்கும் போலீஸுக்கும் செய்தன.

விலங்குக்கு அடியில் முறுக்குப் பட்டை இருந்தால் முதலில் சீருடைப் பணியாளரை நினையுங்கள். நங்கூரமும் அப்படித்தான். கயிறு சுற்றிய நங்கூரத்தைப் பார்த்தவுடன் கடற்படை என்று குதிக்கக் கூடாது. வணிகக் கப்பல்காரர்கள், படகுக் கிளப்புகள், கடைசியில் சாதாரண கோட்டுத் தையல்காரர்கள்வரை எல்லோருக்கும் நங்கூரம் பிடிக்கும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் பொத்தானில் நங்கூரத்துக்கு மேல் கிரீடம் ஏறியது 1812இல். கிரீடமும் நங்கூரமும் சேர்ந்திருந்தால்கூட இன்னொரு முறை பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

பிப்ரவரி 11

சிங்கம், ஒற்றைக் கொம்புக் குதிரை பற்றிக் கேட்டவர் இரண்டாவது முறை நினைவூட்டுகிறார். விட்டுப்போனது என் தவறு.

பதில் ஏமாற்றம் தரும். 1871இல் எண் பொத்தானை எடுத்துவிட்டு ஏறக்குறைய எல்லாச் சிப்பாய்களுக்கும் கொடுத்த பொதுப் பொத்தான் அது. அரச முத்திரை மட்டும் இருக்கும், ரெஜிமெண்டைக் கண்டுபிடிக்க வழியில்லை. லட்சக்கணக்கில் அடித்தார்கள், அதனால்தான் எல்லா டப்பாவிலும் கிடக்கிறது. அதில் படிக்க ஒன்றே ஒன்று உண்டு, உச்சியில் உள்ள கிரீடம்.

கிரீடம் படிப்பது இப்படி. அதன் மேல்வளைவுகள் நடுவில் குழிந்து இறங்கி ஏறினால் ராணி. வளைவு கவிழ்த்த கிண்ணம் மாதிரி உருண்டு ஏறினால் ராஜா, அதாவது 1901 முதல் 1952 வரை. இந்தியப் படைகளின் சின்னங்களில் கிரீடம் 1950 ஜனவரி 26 வரைதான், பிறகு அசோகச் சிங்கம். எலிசபெத் காலக் குழிந்த கிரீடம் வந்தது 1953 வாக்கில். அப்போது நம் படைகளில் கிரீடமே கிடையாது. ஆகவே இந்தியப் பட்டாளச் சின்னத்தில் குழிந்த கிரீடம் இருந்தால் போலி. முடிந்தது.

பிப்ரவரி 12

முடியவில்லை. நேற்று எழுதியதைக் காலையில் படித்தபோதே பிடித்திருக்க வேண்டும். அதற்குள் மூன்று பேர் பிடித்துவிட்டீர்கள்.

விக்டோரியாவும் ராணிதான்! 1901க்கு முந்தைய கிரீடமும் குழிந்ததே. விக்டோரியா கால இந்தியப் பொத்தானை நான் சொன்னதைக் கேட்டு யாராவது குப்பையில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு ராணிகளையும் பிரிக்க வளைவு போதாது. உலோகமும் கட்டுமானமும் பார்க்க வேண்டும். கையில் வைத்தால் காற்றுப்போல லேசாக, தங்க நிறத்தில் கண்ணாடிபோல மின்னினால் அது நிறமேற்றிய அலுமினியம், 1950களில் வந்த சரக்கு. அதைத் துலக்கவே வேண்டாம், அதற்காகத்தான் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. சார்லஸ் 2022இல் பழைய உருண்டை வடிவக் கிரீடத்தையே தேர்ந்தெடுத்துவிட்டார். இனிமேல் ‘உருண்டை என்றால் 1952க்கு முன்’ என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

பிப்ரவரி 14

இன்னும் ஒரு திருத்தம். இதுவும் 11ஆம் தேதிக் குறிப்புக்குத்தான், அந்தக் குறிப்பை அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வேண்டாம், கிடக்கட்டும்.

கூர்க்கா பேட்ஜ் ஒன்றைக் காட்டி ‘எலிசபெத் கிரீடம் இருக்கிறதே, போலியா’ என்று ஒருவர் கேட்டார். போலி இல்லை. 1948 ஜனவரி 1 முதல் 2, 6, 7, 10 ஆகிய நான்கு கூர்க்கா ரெஜிமெண்டுகள் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போய்விட்டன. அவர்களுக்குக் கிரீடம் தொடர்ந்தது. மற்றவை இந்தியாவோடு நின்றன.

நான் ஏன் அவ்வளவு அடித்துச் சொன்னேன் என்றால், ஒரு வியாபாரியிடம் அப்படியொரு போலியை வாங்கியிருக்கிறேன். மெட்ராஸ் பட்டாளத்துத் தொப்பி பேட்ஜ் என்று விற்றார். கிரீடம் எலிசபெத் காலத்தது, உலோகம் புத்தம்புதிது, பழுப்பு மட்டும் பூசிய பழுப்பு. நகத்தால் சுரண்டினால் ஷூ பாலிஷ் மாதிரி உரிந்தது. அந்தக் கோபம் ஒரு பொது விதியாக மாறிவிட்டது.

பிப்ரவரி 15

பேட்ஜ் பற்றித் தனியாகக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பின்னால் தொப்பியில் செருகும் நீளத் தகடா, இரண்டு வளையங்களா என்று பாருங்கள். வளையம் பழைய பழக்கம், தகடு 1900ஐ ஒட்டி வந்தது, ஆனால் இரண்டும் நெடுநாள் சேர்ந்தே ஓடின. பிளாஸ்டிக்கில் இருந்தால் பொம்மை என்று எறியாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் உலோகத்தை மிச்சம்பிடிக்க பிரிட்டனில் பிளாஸ்டிக் தொப்பி பேட்ஜ்கள் அடித்தார்கள். நிஜச் சரக்கு.

படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸை ஏன் ‘தம்பிகள்’ என்கிறார்கள் என்று கேட்டவரே, அது படையில் அவர்களுக்கு விழுந்த செல்லப்பெயர். பொத்தானில் எல்லாம் எழுதியிருக்காது, தேடாதீர்கள்.

பிப்ரவரி 18

வெள்ளீயப் பொத்தான் பொடிப்பொடியாக உதிர்கிறது, நெப்போலியன் படைக்கு ரஷ்யக் குளிரில் நடந்ததுபோல எனக்கும் நடந்துவிட்டது என்கிறார் ஒருவர்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது: 1812இல் குளிரில் வெள்ளீயப் பொத்தான்கள் உதிர்ந்து, சிப்பாய்கள் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு போரிட முடியாமல் தோற்றார்களாம். இதில் வேதியியல் பாதி உண்மை. சுத்த வெள்ளீயம் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாம்பல்நிறப் பொடி வடிவத்துக்கு மாறக்கூடியதுதான். ஆனால் மிக மெதுவாக. கொஞ்சம் வேறு உலோகம் கலந்திருந்தாலே அது தடைபட்டுவிடும். பொத்தானுக்குச் சுத்த வெள்ளீயம் யார் போட்டார்கள்?

இதற்கு மண்ணே சாட்சி சொன்னது. லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் 2001இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது, ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும்போது செத்த நெப்போலியன் வீரர்களின் பெரும் புதைகுழி வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான உடல்கள். அவர்கள் எந்தெந்த ரெஜிமெண்ட் என்று ஆய்வாளர்கள் கண்டறிய உதவியவற்றில் முக்கியமானவை பொத்தான்களில் இருந்த எண்கள். அந்தக் குளிர்காலத்தையும் அதன்பின் மண்ணுக்கடியில் இரண்டு நூற்றாண்டுக் குளிர்காலங்களையும் தாண்டி எண்கள் படிக்கிற நிலையில் இருந்தன.

உங்களுடையது உதிர்வதற்கு ஈரமும் அதில் கலந்த ஈயமும் காரணமாக இருக்கும். அட்டைப்பெட்டியிலோ மர அலமாரியிலோ வைத்திருந்தால் மாற்றுங்கள். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயக் கலவையை வெள்ளைப் பொடியாக்கும்.

பிப்ரவரி 20

23க்காரர் கடைசியில் பின்பக்கம் போட்டார். இரண்டு துண்டு, கம்பிக் காது, எழுத்து தேய்ந்து ஒன்றும் தெரியவில்லை. கிரீடம் இல்லை என்கிறார். எண்ணுக்கு மேலே ‘ஏதோ சுருள்’ இருக்கிறதாம்.

ஒன்று செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பொத்தானைக் கறுப்புத் துணியில் வைத்து, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கப் போடுங்கள். ஒளி பக்கவாட்டில் உரசிப் போகவேண்டும். பொத்தானை நகர்த்தாமல் டார்ச்சை மட்டும் கடிகார முள்போலச் சுற்றி நகர்த்துங்கள். நேர் வெளிச்சத்தில் வழுவழுவென்று தெரிகிற இடத்தில் ஒரு கோணத்தில் மட்டும் நிழல் எழும்பும், அடுத்த கோணத்தில் மறைந்துவிடும். எழும்பும் கணத்தில் படம் எடுங்கள். நான் இப்படி ஒரு பொத்தானில் ‘மிலிஷியா’ (உள்ளூர்த் துணைப்படை) என்ற ஆங்கிலச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக ஏழு படத்தில் சேர்த்தேன்.

பிப்ரவரி 21

கொம்பு! சுருள் என்று சொன்னது ஊதுகொம்பு. எண் அதன் கயிறுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அருமையான படம்.

இப்போது வரிசையில் நின்ற நால்வரில் இருவர் நகரலாம். வெல்ஷ்காரர்கள் ஃபுசிலியர்கள், அவர்கள் அடையாளம் தீப்பற்றிய எறிகுண்டு. சீக்கிய பயனியர்ஸுக்கும் கொம்புக்கும் சம்பந்தமில்லை. கொம்பு லைட் இன்ஃபண்ட்ரியின் அடையாளம், ரைஃபிள் படைகளும் வைத்துக்கொள்ளும்.

மிச்சம் வாலாஜாபாத்தும் பம்பாயும். சிக்கல் என்னவென்றால் பம்பாய் 23உம் ரைஃபிள்ஸ் ஆவதற்கு முன் லைட் இன்ஃபண்ட்ரியாகத்தான் இருந்தது. 1903இல் 100 கூட்டி அது 123ஆவது அவுட்ரம்ஸ் ரைஃபிள்ஸ் ஆனது. ரைஃபிள் படையினர் கறுப்புப் பொத்தான் போடுவார்கள், உங்களுடையது மஞ்சள். அது வாலாஜாபாத் பக்கம் சாய்கிறது, ஆனால் பம்பாய்க்காரர்கள் ரைஃபிள்ஸ் ஆவதற்கு முந்தைய பொத்தான் என்றால் இந்த வாதம் நிற்காது. 1859க்குப் பின் பிரிட்டனில் மாவட்டம் மாவட்டமாகக் கிளம்பிய தன்னார்வ ரைஃபிள் படைகளுக்கும் எண் உண்டு, கொம்பு உண்டு. அவர்கள் மாவட்டப் பெயரையும் போடுவது வழக்கம் என்பதால் கடைசியில் வைக்கிறேன்.

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. எழுத்து தேய்ந்துபோனதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 22, நள்ளிரவு

தூக்கம் வராமல் இழையை மேலிருந்து படித்தேன்.

முதல் கேள்வியில் ‘83 என்று இன்னொன்றும் இருக்கிறது, அது வேறு ஏதோ’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு நாளாக அந்த வரி அங்கேயே இருக்கிறது. அடுத்த நாளே நான் ‘60 கூட்டுங்கள், மனப்பாடம் செய்யுங்கள்’ என்று வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். 23ஓடு 60ஐக் கூட்ட இங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

83ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபண்ட்ரி. 1903இலிருந்து 1922 வரை அந்த எண், பிறகு 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்டோடு சேர்ந்துவிட்டது. ஒரே டப்பாவில் ஒரே பட்டாளத்தின் பழைய எண்ணும் புதிய எண்ணும். 83இலும் கொம்பு இருந்தால் பம்பாய்க்காரரை மரியாதையாக வழியனுப்பிவிடலாம். உடனே 83ஐப் படம் எடுத்துப் போடுங்கள், டார்ச் வைத்து.

பிப்ரவரி 23

பதில் வந்தது. அப்படியே தருகிறேன்:

‘சார், நீங்கள் நிறுத்தச் சொல்வதற்கு முன்பே 83ஐத் துலக்கி முடித்துவிட்டேன். முதலில் கையில் எடுத்தது அதுதான். நன்றாகப் பளபளக்கிறது. எண் தெரிகிறது. மேலே வளைவாக ஏதோ இருந்த ஞாபகம், இப்போது டார்ச் வைத்தும் தெரியவில்லை. அதனால்தான் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.’

பின்பக்கத்தையும் துலக்கினீர்களா?